ஒரு சர்வரின் பொறுப்பு மாற்றம்

இந்த வாரம் கம்ப்யூட்டர் விஷயம். உடனே மூடிவிடாதீர்கள். வங்கி ஆப்பில் ரகசிய எண்ணை அழுத்தும்போது இன்னமும் எனக்கு விரல் தயங்கும். அப்படிப்பட்ட ஆளுக்கே புரிந்த விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கதை என்று கேட்க உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் நாம் முப்பது வருஷம் பார்த்த குமாஸ்தா வேலையாகவே இருந்தது.

என் தங்கையின் பேரன் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறான். ஒப்பந்த வேலை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். 2024 தீபத்துக்கு ஊருக்கு வந்தவன் நான்கு நாள் என் வீட்டில் தங்கினான். அந்த வருஷ தீபம் உங்களுக்கு மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1ஆம் தேதி வ.உ.சி. நகர் மேலே மலை சரிந்து ஏழு பேர் போய்விட்டார்கள். அதனால் 13ஆம் தேதி தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. ஊரே குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மலைக்குப் போகலாம் என்று வந்த பையன், என் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னப்பா எழுதற?"

"பொங்கல் லீவுல எங்க கிளஸ்டரோட மேனேஜ்மென்ட் சர்வரைப் புது மெஷினுக்கு மாத்தணும், தாத்தா. என்னென்ன தூக்கிட்டுப் போகணும்னு லிஸ்ட் போடறேன்."

சர்வர் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு நாகேஷ்தான் ஞாபகம் வருவார். பிரெஞ்சிலும் இதே கதைதான். ஓட்டலில் தட்டு வைப்பவரும் 'செர்வேர்', இந்தப் பெட்டியும் 'செர்வேர்'. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எந்தப் புது வார்த்தை வந்தாலும் அதற்குப் பிரெஞ்சில் என்ன என்று தேடுகிற வியாதி எனக்கு உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கில வார்த்தையைக் கடன் வாங்கவில்லை. 1955இல் ஐபிஎம் கம்பெனியின் பிரான்ஸ் கிளை, சோர்போனில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரேயிடம் ஒரு பெயர் கேட்டது. அவர் 'ஓர்தினத்தேர்' என்று எழுதி அனுப்பினார். ஒழுங்குபடுத்துகிறவன் என்று பொருள். உலகத்தை ஒழுங்கில் வைக்கும் கடவுளைக் குறிக்கப் பழைய அகராதியில் கிடந்த சொல் அது. கிளஸ்டருக்கு 'கிராப்' என்பார்கள். திராட்சைக் கொத்து என்று சொல்வதும் அதே சொல்லால்தான். இந்த வார்த்தை எனக்குப் பிடித்தது. கொத்து என்றதுமே பாதி விளங்கிவிடுகிறது.

விஷயம் இதுதான். ஒரு பெரிய கணக்கை ஒரே கம்ப்யூட்டரால் போட முடியாது. அதனால் சாதாரணக் கம்ப்யூட்டர்கள் நூறு, இருநூறை அடுக்கி, ஒயரால் இணைத்து, கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 1994இல் அமெரிக்காவின் நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர் பதினாறு மலிவான கம்ப்யூட்டர்களை இப்படிக் கட்டி 'பேவுல்ஃப்' என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டில் புனேயின் சி-டாக் நிறுவனம் 1991லேயே 'பரம் 8000' என்ற இணைக் கணினியைச் செய்திருந்தது. அமெரிக்கா தன் பெரிய கம்ப்யூட்டரைத் தர மறுத்ததால் பிறந்த வீம்பு அது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004இல் 144 கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டிய 'கப்ரூ', உலகின் முதல் 500 பட்டியலில் இடம் பிடித்தது. கப்ரூ இமயமலையில் ஒரு சிகரத்தின் பெயர். மலைப் பெயர்தான் வைப்பார்கள் என்றால் இங்கே ஒரு மலை இருக்கிறதே, சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிய 'பரம் பொருள்' 838 டெராஃபிளாப் திறன் கொண்டது. அதாவது ஒரு விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. அந்தப் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

நம் பையனின் கிளஸ்டர் இவ்வளவு பெரியதில்லை. அறுபத்து நான்கு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றையும் 'நோட்' என்கிறார்கள். 2012இல் வாங்கியது. எல்லாக் கணக்கையும் இந்த அறுபத்து நான்கும்தான் போடுகின்றன. மேனேஜ்மென்ட் சர்வர் ஒரு கணக்கும் போடாது. அது ஹெட் கிளார்க். யார் யாருக்கு உள்ளே வர அனுமதி, எந்த நோட்டுக்கு என்ன முகவரி, எந்த மாணவரின் வேலை வரிசையில் எத்தனையாவது, எது எந்த நோட்டில் ஓடுகிறது, எது முடிந்தது, யார் எவ்வளவு நேரம் உபயோகித்தார்கள் என்ற எல்லாப் பதிவேடும் அதனிடம்தான். அறுபத்து நான்கில் ஒன்று செத்தால் அறுபத்து மூன்று ஓடும். இது செத்தால், கை கால் திடமாக இருந்தும் என்ன செய்வது என்று தெரியாத அறுபத்து நான்கு பேர்.

"பழைய சர்வரைப் போகியில போட்டுடுவியா?" என்றேன்.

"ஐயோ தாத்தா, மூணு மாசம் வைச்சிருப்பேன்" என்றான். பையன் தேறுவான் என்று தோன்றியது.

பட்டியலில் முதலில் இருந்தது ஆட்களின் எண். இதை நான் நான்கு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் யாருடையது என்று பெயரால் எழுதி வைப்பதில்லையாம். ஓர் எண்ணால்தான் எழுதுகிறது. இந்த எண் இன்னார் என்று ஒரு பட்டியல் சர்வரில் தனியாக இருக்கும். பட்டியல் மாறினால் ஃபைல் அப்படியே இருக்கும், சொந்தக்காரர் மாறிவிடுவார். பட்டா நம்பரை வைத்துக்கொண்டு பட்டாதாரர் பெயரை மாற்றிய மாதிரி.

இதில் ஒரு சிக்கல். பழைய சர்வரில் இருந்தது சென்ட் ஓஎஸ் 6 என்ற லினக்ஸ். அதில் ஆட்களுக்கு 500இலிருந்து எண் கொடுத்துக்கொண்டு வருவார்கள். அடுத்த தலைமுறையில் அந்த வழக்கத்தை மாற்றி, ஆட்களுக்கு 1000இலிருந்துதான், அதற்குக் கீழே எல்லாம் கம்ப்யூட்டரின் சொந்தக் காரியங்களுக்கு என்று வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் இவர்களிடம் 500க்கு மேல் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். 998 என்ற எண் ஒரு மாணவிக்கு. புது மெஷினில் 998ஐக் கடிகாரம் சரிபார்க்கும் ஒரு சேவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அப்படியே மாற்றினால் அந்தப் பெண்ணின் நாலரை வருஷ ஆராய்ச்சி ஃபைல்கள் எல்லாம் கடிகாரத்துக்குச் சொந்தம்.

"பொண்ணு நம்பரை மாத்திடலாமா?" என்று கேட்டேன்.

"அவங்க பேர்ல எத்தனையோ லட்சம் ஃபைல் இருக்கு, தாத்தா. ஒவ்வொண்ணுலயும் நம்பரை மாத்தணும். ஒண்ணு விட்டாலும் தொல்லை. கடிகாரம் நேத்து வந்தது. அதை நகர்த்தறதுதான் சுலபம்."

சரியான தீர்ப்பு. இந்த நியாயம் 1989இல் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

1989 செப்டம்பர் 30ஆம் தேதி வடஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவானது. இங்கே இனிப்பு கொடுத்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். நான் அப்போது உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. கூட வேலை பார்த்தவர்களில் பலர் இன்னும் மாலையில் என்னோடு நடக்கிறார்கள். வேலூரிலிருந்து லாரியில் கட்டுக் கட்டாகக் கோப்புகள் வந்து இறங்கின. மேஜை வந்தது, நாற்காலி வந்தது, சுவர்க் கடிகாரம்கூட வந்தது. தன்பதிவேடு வரவில்லை. எப்படி வரும்? ஒரே பதிவேட்டில் போளூர் கோப்பும் இருக்கும், குடியாத்தம் கோப்பும் இருக்கும். பக்கத்தைக் கிழித்தா அனுப்ப முடியும்? அதனால் பதிவேடு வேலூரிலேயே நின்றுவிட்டது. எங்களிடம் கோப்பு உண்டு. அது எந்த எண்ணில் எப்போது ஆரம்பித்தது, கடைசியாக யாருக்கு என்ன எழுதினோம் என்று சொல்ல ஆள் இல்லை. இங்கே புதிதாகப் பதிவேடு போட்டு ஒன்றிலிருந்து எண் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். பழைய எண்ணை எங்கும் குறிக்கவில்லை. குறிக்கச் சொல்லி ஆணையில் இல்லை.

திங்கட்கிழமை தோறும் ஒரு அம்மாள் வருவார். இறந்துபோன தலையாரியின் மனைவி. குடும்ப ஓய்வூதியம் கேட்ட மனு. கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு பதில் கடிதம். அதில் வேலூர் எண். அந்த எண்ணை எங்கள் பதிவேட்டில் பார்த்தால் வேறு யாரோ கல் குவாரி குத்தகை கேட்டது. "இது உங்களுது இல்லம்மா" என்பார்கள். அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் காகிதம் தன்னுடையது என்று தெரியும். போய்விட்டு அடுத்த திங்கள் வருவார். இப்படி ஏழெட்டுத் திங்கள்.

கடைசியில் என்னை வேலூருக்கு அனுப்பினார்கள். போளூர், கண்ணமங்கலம் வழியாகப் பஸ். வெற்றுப் பதிவேடு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே பதிவறையில் இரண்டரை நாள் உட்கார்ந்து, நம் தாலுகாக்கள் சம்பந்தப்பட்ட பதிவுகளைப் பிரித்து எழுதினேன். இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் காலி. திரும்பி வந்து கோப்பு கோப்பாக வலது பக்கத்தை நிரப்பினோம். தலையாரி மனைவியின் கோப்பு ஒரு கிணறு தகராறுக் கோப்புக்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. உத்தரவு போக மேலும் ஐந்து மாதம் ஆனது. அந்த அம்மாள் அதற்குள் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பணம் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

1997இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்தபோது சம்புவராயர் போய் வெறும் திருவண்ணாமலை மாவட்டம் ஆனது. ரப்பர் ஸ்டாம்ப் மாற்றினோம், கடிதத் தாள் மாற்றினோம், அதோடு சரி. ஒரு கோப்பும் காணாமல் போகவில்லை. பெயரை மாற்றுவது எப்போதும் எளிது.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் நம்மை விடக் கெட்டி என்று சொன்னால் என் மனைவிக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். 1776 ஜூனில் வெர்சாயில் ஒரு ராஜ உத்தரவு போட்டார்கள். காலனிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் ஒரு படி கப்பலேறி பிரான்சுக்குப் போக வேண்டும் என்று. ஒரு படி உள்ளூரில், ஒரு படி நீதிமன்றத்தில், ஒரு படி கடல் கடந்து. கறையான் அரித்தாலும், தீப்பிடித்தாலும், ஆட்சியே போனாலும் ஒன்று மிஞ்சும். புதுச்சேரிப் பதிவேடுகளின் படிகள் இன்றைக்கும் தென் பிரான்சில் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பையனிடம் இதைச் சொன்னபோது, "இதைத்தான் நாங்களும் சொல்றோம், தாத்தா. மூணு காப்பி, ஒண்ணு வேற ஊர்ல" என்றான். வேற ஊரில் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். பக்கத்துக் கட்டடத்தில் வைத்திருக்கிறானாம்.

பட்டியலில் நான் செய்த திருத்தங்கள் இரண்டுதான். ஒன்று, வெளியாள் கையெழுத்து வேண்டியதையெல்லாம் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். வேதியியல் துறை விலை கொடுத்து வாங்கிய ஒரு சாஃப்ட்வேரின் உரிமம், பழைய சர்வரின் உடம்பில் பொறித்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறதாம். மெஷின் மாறினால் கம்பெனிக்குக் கடிதம் எழுதிப் புது உரிமம் வாங்க வேண்டும். அதைப் பையன் முப்பத்தெட்டாவது வரியில் வைத்திருந்தான். டிசம்பரிலேயே எழுதச் சொன்னேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. கம்பெனிக்காரன் என்ன, கலெக்டர் ஆபீஸ் என்ன, கையெழுத்து என்றால் மூன்று வாரம்தான்.

இரண்டாவது, ஒரு கேள்வி. "உனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர் காலையில வந்ததும் முதல்ல என்ன பண்ணுவார்?"

பையன் முழித்தான். அவனுக்கு முன்னால் இருந்தவர் அந்த கிளஸ்டரைப் பிரித்து அடுக்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டவர். இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றுவிட்டார். சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, பாஸ்வேர்டுகளை ஒரு கவரில் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு போன்கூட யாரும் செய்யவில்லை. எனக்கு அந்தக் கவர் விஷயம் புதிதாகத் தோன்றவில்லை. 2008இல் நான் ஓய்வு பெற்றபோது பீரோ சாவியை வாங்கிக்கொண்டார்கள். எந்தச் சாவி எந்தப் பீரோவுக்கு என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

"போன் பண்ணு. வேலைக்காகப் பண்றேன்னு சொல்லாதே. தீபம் பார்த்தீங்களா சார்னு கேளு" என்றேன்.

அவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் முறைப்பாகத்தான் இருந்தாராம். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பழைய சர்வரின் பின்பக்கம் கட்டை விரல் அளவுக்கு ஒரு பொருள் செருகியிருக்கும்; அது வெப்பமானி. ரிச்சி தெருவில் சொந்தக் காசில் வாங்கியது. அறையின் ஏசி நின்று சூடு 35ஐத் தாண்டினால், சர்வர் அவருக்கும் காவலர் அறைக்கும் தகவல் அனுப்பிவிட்டு நோட்டுகளை ஒவ்வொன்றாக அணைக்கும். இதற்கு அவர் எழுதிய இருபது வரிப் புரோகிராம் எந்த ஆவணத்திலும் இல்லை. பழைய மெஷினைக் கழற்றியிருந்தால் வெப்பமானியும் அதோடு மூலைக்குப் போயிருக்கும். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசி நிற்கும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

பையன் சென்னை போனான். ஜனவரி 2ஆம் தேதி ராத்திரி போன் வந்தது. குரல் சரியில்லை. பழைய சர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதே மற்றொன்றிலும் எழுதப்படும், கண்ணாடி மாதிரி. அதில் ஒன்று போய்விட்டது. மிச்சம் இருப்பதும் அதே வயது, அதே கம்பெனி, அதே பெட்டியில் வந்தது. இனி தள்ளிப்போட முடியாது. ஆனால் தள்ளிப்போட வேண்டிய காரணம் ஒன்றும் முளைத்திருந்தது. 998ஆம் எண் மாணவி டிசம்பர் 23ஆம் தேதி முப்பது நாள் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஜனவரி 22வரை ஓடும். நடுவில் நிறுத்தித் தொடரும் வசதி அந்தப் புரோகிராமில் இல்லை. மாத முடிவில் ஆய்வேட்டுச் சுருக்கம் கொடுக்க வேண்டும். உதவித்தொகையும் அதோடு முடிகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். ஹெட் கிளார்க் சர்வர் நின்றாலும் நோட்டில் ஓடும் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஃபைல்கள் வேறொரு பெட்டியில் இருப்பதால் அதற்கும் பாதகமில்லை. ஆபத்து திரும்பி வரும்போதுதான். வேலைகளைப் பங்கிடும் புரோகிராமுக்கு ஸ்லர்ம் என்று பெயர். எந்த வேலை எங்கே ஓடுகிறது என்று ஒரு பதிவேட்டை அது சர்வரில் வைத்திருக்கும். புது சர்வர் அந்தப் பதிவேடு இல்லாமல் எழுந்தால், நோட் வந்து "என்னிடம் இந்த வேலை ஓடுகிறது" என்று சொல்லும்போது, "அப்படி ஒரு வேலையே என் கணக்கில் இல்லை" என்று சொல்லிக் கொன்றுவிடும். தலையாரி மனைவிக்கு நாங்கள் சொன்ன அதே பதில். பதிவேட்டை எடுத்துப் போனாலும், புது ஸ்லர்முக்கும் பழைய ஸ்லர்முக்கும் தலைமுறை இடைவெளி அதிகமானால் அதனால் படிக்க முடியாது. சில தலைமுறை வரைதான் பழைய கையெழுத்து புரியுமாம். இவர்களுடையது அதற்கும் மேலே பழசு.

மேலதிகாரி, "ஒரு ஸ்டூடன்ட்டுக்காக மொத்த கிளஸ்டரையும் பணயம் வைக்க முடியாது, கொன்னுடு" என்றாராம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மற்றவர்களும் ஆராய்ச்சிதான் செய்கிறார்கள். ஆனால் பையன் பத்து நாள் இரவில் உட்கார்ந்து, பழைய ஸ்லர்மையே புது மெஷினில் ஓட வைத்தான். புது லினக்ஸ் அதை ஏற்க அடம் பிடித்ததாம். அந்த மல்லுக்கட்டு எனக்குப் புரியவில்லை, விட்டுவிடுகிறேன். அவன் எண்ணம் இது: ஆள் புதுசு, பதிவேடு பழசு, அதே பெயர், அதே முகவரி, அதே ரகசியச் சாவி. நோட்டுகளுக்கு ஆள் மாறியதே தெரியக் கூடாது. கணக்கு முடிந்த பிறகு ஸ்லர்மைப் படிப்படியாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஜனவரி 14 பொங்கல். 15ஆம் தேதி மாட்டுப் பொங்கல் அன்று காலையில் நந்திக்குக் காய்கனி அலங்காரம் பார்த்துவிட்டு வந்து போனை அருகிலேயே வைத்துக்கொண்டேன். பத்து மணிக்குப் பழைய சர்வரில் சேவைகளை நிறுத்தினான். பதிவேடுகளைக் கடைசியாக ஒருமுறை நகல் எடுத்தான். பழைய மெஷினின் நெட்வொர்க் ஒயரைக் கையால் பிடுங்கினான். அதன் பிறகுதான் புதியதில் ஒயர் செருகினான். இரண்டும் ஒரே முகவரியில் ஒரு நிமிஷம்கூடச் சேர்ந்து இருக்கக் கூடாதாம். நம்மிடமும் அப்படித்தானே? பழையவர் முற்பகல் விடுவிப்பு, புதியவர் பிற்பகல் பொறுப்பேற்பு. ஒரு நாற்காலியில் இரண்டு கையெழுத்து செல்லாது.

மதியம் இரண்டு மணிக்கு ஐம்பத்தேழு நோட்டுகள் பதில் சொல்லிவிட்டன. ஏழு சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கணக்கு ஓடியது அந்த ஏழில் நான்கில். நோட்டுக்கு மின்சாரம் இருக்கிறது, வேலை ஓடுகிறது, ஆனால் புது சர்வரைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. சாயங்காலம் ஐந்து மணிவரை தேடியிருக்கிறான். இங்கே அன்றைக்குத் திருவூடல். அம்மன் கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் நாள். தெருவில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடி போன் செய்தான். "என்ன தாத்தா பண்றது? அந்த ஏழையும் அணைச்சுப் போட்டா சரியாயிடும்னு நினைக்கறேன். ஆனா அணைச்சா..."

"பழைய சாருக்குப் போன் பண்ணினியா?"

"பண்டிகை நாள்ல எப்படி..."

"அவர் உன் போனுக்காக உட்கார்ந்திருப்பார்."

உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார். ஏழு நோட் என்று சொன்னதுமே, எண்ணைச் சொல்லட்டுமா என்று கேட்டு வரிசையாகச் சொல்லிவிட்டாராம். 2016இல் ஒரு ஸ்விட்ச் தகராறு. அந்த அடுக்கில் இருந்த ஏழு நோட்டும் அவ்வப்போது சர்வரைத் தொலைத்துக்கொண்டிருந்தன. தற்காலிகமாக இருக்கட்டும் என்று, சர்வரின் முகவரிக்குப் பக்கத்தில் அந்த மெஷினின் உடம்பு எண்ணை அந்த ஏழில் மட்டும் கைப்பட எழுதி வைத்தார். மற்ற நோட்டுகள், இந்த முகவரியில் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும், இவை கேட்காது. பழைய ஆளின் முகத்தையே நினைவு வைத்திருக்கும். ஸ்விட்சை அடுத்த மாதம் மாற்றியாயிற்று. அந்த வரி எட்டு வருஷமாக அங்கேயே இருந்தது. நம் அலுவலகங்களில் தற்காலிகம் என்று போட்ட ஓட்டுக் கொட்டகைகளை நினைத்துக்கொண்டேன்.

நோட்டுக்கு ஒரு வரியை அழிக்க வேண்டும். அணைக்க வேண்டியதில்லை. ஆனால் சர்வர் வழியாக உள்ளே போக முடியாது. ஒவ்வொரு நோட்டுக்கும் முன்னால் விசைப்பலகையும் திரையும் கொண்டுபோய்ச் செருக வேண்டும். ஆறே முக்காலுக்கு ஏழும் பேசின. 998ஆம் எண்ணின் வேலை, ஓடிக்கொண்டிருக்கிறது என்று புது சர்வரின் திரையில் வந்தது. இருபத்து மூன்றாவது நாள் என்று நேரமும் சரியாகக் காட்டியது. பையன் சாப்பிட்டானா என்று கேட்டேன். வளாகத்தில் கேன்டீன் மூடல், பிஸ்கட்தான் என்றான்.

அந்தக் கணக்கு ஜனவரி 21ஆம் தேதி இரவு, ஒரு நாள் முன்னதாகவே முடிந்தது. அந்தப் பெண் சுருக்கத்தை 30ஆம் தேதி கொடுத்துவிட்டார். அவருக்கு இந்த ஏழு நோட் விஷயம் எதுவும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று பையனே விட்டுவிட்டான். வேலைகளுக்கு ஸ்லர்ம் போடும் வரிசை எண் ஒன்று உண்டு. புது சர்வரில் முதலில் வந்த வேலைக்குப் பழையதில் கடைசியாக விழுந்த எண்ணின் அடுத்த எண்ணே விழுந்தது என்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஆறு இலக்க எண். அதை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய சார் பிப்ரவரியில் ஒருநாள் நேரில் வந்து, வெப்பமானியைப் புது மெஷினின் பின்னால் அவர் கையாலேயே செருகிவிட்டுப் போனாராம். அதற்கு அவருக்கு உள்ளே வர அனுமதிச் சீட்டு எழுத வேண்டியிருந்தது. வந்த காரணம் என்ற கட்டத்தில் பையன் 'பொறுப்பு ஒப்படைப்பு' என்று எழுதியிருக்கிறான்.